வானம் வெளித்திருந்த நாளில் வைத்த நேர்த்தி

தம்பி,

இதைச் சாப்பிட்டுவிட்டு வாசி. வெறும் வயிற்றோடு வாசித்தால் உனக்குக் கோபம் கூடும். கோபித்துக்கொள், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கோபிக்கிற பழக்கம் உன் அப்பாவோடு போகட்டும். ஒரே வீட்டில் அடுத்த அறையில் படுக்கிற மகனுக்கு ஒரு தாய் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், அதையும் பழைய மாணவர் மலரில் எதற்கு அச்சடிக்கக் கொடுக்கிறாள் என்று நீ கேட்பாய். நேரே சொல்லிவிடத்தான் பார்த்தேன். உன் அறை வாசலில் வந்து நின்று வாயைத் திறந்தால், "தேத்தண்ணி போடட்டே, தம்பி?" என்றுதான் வருகிறது. நீயும் "ஓம் அம்மா" என்கிறாய். இந்த மாதம் முழுக்க நீ வேண்டா வெறுப்பாகக் குடித்த தேநீரெல்லாம் நான் சொல்லாமல் விழுங்கிய பேச்சுத்தான். அதோடு, நான் பொய் சொன்னது உன்னிடம் அல்ல, ஊரிடம். ஊருக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்குள் வைத்துத் திருத்த முடியாது.

மலர்க்குழுப் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் புவியியல் படித்தவர்கள். உடுப்பிட்டிக்கு வீடு தேடி வந்து, "டீச்சர், இளம் ஆக்களுக்குப் பிரயோசனமா ஒரு புத்திமதிக் கட்டுரை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். புத்திமதிக்கு என்னிடம் என்றைக்குக் குறைவிருந்தது? கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் அள்ளிக் கொடுத்தவள் நான். பேனையை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தபோதுதான், புத்திமதி சொல்லும் தகுதியை நான் இழந்த நாள் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் வேறு எதுவும் எழுத வரவில்லை. அந்த நாளையே எழுதுகிறேன். அவர்கள் இதைப் போடாமல் விட்டால் சந்தியில் நின்று வாசிப்பேன். செய்யக்கூடியவள் என்று உனக்குத் தெரியும்.

உன் வேலையைப் பற்றி ஊருக்கு நான் முதலில் சொன்னதே உண்மையில்லை. கொழும்பில் கணக்கியல் படித்து, கந்தோரில் கழுத்துப்பட்டியோடு இருந்த நீ, கூட வேலை செய்தவர்களோடு ஒரு விடுமுறைக்கு மலைநாட்டில் கித்துல்கலப் பக்கம் போனாய். திரும்பி வந்தது உடம்பு மட்டும்தான். சில மாதத்தில் கந்தோரை விட்டுவிட்டு, மலையிடுக்குகளில் ஆட்களைக் கயிற்றால் இறக்குகிற வழிகாட்டியாகச் சேர்ந்துவிட்டாய். நான் மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை. பிறகு, யாராவது கேட்டால் "ஹொட்டேல் ஒண்டிலை மனேச்சரா இருக்கிறான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஒருமுறை கோயிலில் எனக்கு முன்னாலேயே ஒருவர், "தம்பி, எந்த ஹொட்டேல்?" என்று உன்னிடம் கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மலைப்பக்கம் ஒண்டு, ஐயா" என்று சொல்லி என் பொய்க்குத் தோள் கொடுத்தாய். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. அதை நினைக்க இப்போது கூசுகிறது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். உன் தொழிலான கன்யனிங் என்பது மலை ஏறுகிற விளையாட்டல்ல, இறங்குகிற விளையாட்டு. ஓர் ஆறு தன் இளமைப் பருவத்தில் பாறையை அறுத்து அறுத்து ஒடுங்கிய இடுக்கு ஒன்றை உண்டாக்கும். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் தண்ணீர். அந்த இடுக்குக்குள் மேலே ஓரிடத்தில் நுழைந்து, தண்ணீர் போகிற வழியாலேயே கீழே வந்து சேருவார்கள். நடக்கக்கூடிய இடத்தில் நடப்பார்கள். மடுவில் நீந்துவார்கள். பாசி பிடித்த பாறையில் சறுக்குவார்கள், ஆழம் தெரிந்த இடத்தில் குதிப்பார்கள். அருவி வந்தால் அந்த அருவியோடு சேர்ந்தே கயிற்றில் தொங்கி இறங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு இது விளங்குவது கடினம். மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை ஆறென்றும், பெயரில் மட்டும் மலையுள்ள கீரிமலையை மலையென்றும் சொல்லிச் சமாளித்துப் பாடம் நடத்தியவள் நான். எங்கள் தண்ணீர் கிணற்றுக்குள் சத்தமில்லாமல் ஏறும், சத்தமில்லாமல் வற்றும். எங்கள் தலையில் பெய்தால்தான் எங்களுக்கு மழை. வேறு ஊரில் பெய்தால் அது அந்த ஊராருடைய மழை.

ஒரு தைப்பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது முற்றத்து மாமரத்தில் கயிற்றைக் கட்டி எனக்கு எல்லாம் காட்டினாய். நான் அரிசி புடைத்துக்கொண்டு, பார்க்காதவள் போல இருந்தேன். பார்த்தேன், தம்பி. காதும் கேட்டது. இடுப்பிலும் தொடையிலும் பூட்டுகிற பட்டி, அதைக் கயிற்றோடு இணைக்கிற கொளுவி, தலைக்கவசம், குளிர் தாங்குகிற ரப்பர் உடுப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். ஓடுகிற தண்ணீர் நல்ல வெயில் நாளிலும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும், கை விறைத்தால் கொளுவியைப் பூட்டக்கூட முடியாது என்றாய். மடுவின் அடி வெள்ளத்துக்கு வெள்ளம் மாறும், போன கிழமை ஆழமாக இருந்த இடத்தில் இந்தக் கிழமை ஒரு பாறாங்கல் உருண்டு வந்து கிடக்கும், ஆகவே பார்க்காமல் ஒருவரும் குதிக்கக்கூடாது என்றாய். அருவிச் சத்தத்தில் குரல் எடுபடாது. விசிலும் கைச்சைகையும்தான் பேச்சு. கயிற்றின் நடுவில் ஒருவர் மாட்டிக்கொண்டால் தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டே இருக்கும். மேலே நிற்கிறவர் கயிற்றை இளக்கி அவரை உடனே கீழே விடக்கூடிய மாதிரி முதலே கட்டியிருக்கவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் எது என்று நான் கேட்காமலே சொன்னாய். முதல் அருவியால் எல்லோரும் இறங்கிக் கயிற்றை உருவி எடுத்தபிறகு திரும்பி ஏற வழியில்லை, கீழ்நோக்கித்தான் போகலாம். அந்த நேரத்தில் மேலே எங்கோ, கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்த மழை இடுக்குக்குள் வந்து சேர்ந்தால் ஒதுங்க இடமிருக்காது. "அதாலை அம்மா, எங்கடை தொழிலிலை கெட்டித்தனம் இறங்கிறதிலை இல்லை. இண்டைக்கு இறங்கேலாது எண்டு சொல்லுறதிலைதான் இருக்கு" என்றாய். எனக்குப் பிடித்திருந்தது, தம்பி. நல்ல மாணவன் ஒருவனின் விடையைக் கேட்டதுபோல இருந்தது. ஆனால் நான் சுளகைத் தட்டிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது பேச்சுப்போட்டிக்கு உன்னைப் பாடமாக்க வைத்திருந்தேன். போட்டியன்று உனக்குக் காய்ச்சல். "ஏலாது அம்மா, தலை சுத்துது" என்றாய். அப்பா, "அவன் ஏலாதெண்டா விடன்" என்றார். மண்டபம் நிறைய என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்கள் இருந்தார்கள். நான் குனிந்து உன் காதுக்குள், "ஆக்களுக்கு முன்னாலை என்னை வெக்கப்படுத்தாதை" என்றேன். நீ மேடை ஏறினாய். பாதிப் பேச்சில் மயங்கி விழுந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்கு முதலில் வந்தது பயமல்ல, அந்தப் பாதிப் பேச்சை எண்ணிய கவலைதான். அதற்குப் பிறகு அந்த வசனத்தை நான் எத்தனை தரம் பாவித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாடம் தெரிவு செய்யவும், சம்பந்தம் பேசிய வீட்டுக்கு உன்னைக் கூட்டிப்போகவும் அது உதவியது. அந்த வசனத்தைச் சொன்னால் நீ மறுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

இனி அந்த நாள். கனடாவிலிருந்து என் தங்கை, உன் சின்னம்மா, சித்தப்பாவோடும் மகள் ஆரணியோடும் வந்திருந்தாள். ஆரணி நீ கயிற்றில் இறங்குகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகமுதல் ஒருதரம் இறங்கவேண்டும் என்று நின்றாள். மறுநாள் அவர்களுக்கு விமானம். நானும் கூட வந்தேன். மகனின் வேலையை முதன்முதலாகப் பார்க்க வந்தேன் என்று நீ நினைத்துச் சந்தோசப்பட்டாய். உண்மையில் தங்கைக்கு முன்னால் என் ஹொட்டேல் கதை உடைந்துவிட்டதே, மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்றுதான் வந்தேன். ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் ஆரணியும் சித்தப்பாவும் இறங்குவதற்கு உடுப்பு மாற்றினார்கள், நாங்கள் பக்கத்தில் நின்றோம். உன்னோடு வேலை செய்கிற ருவன் கைபேசியில் யாரோடோ கதைத்தான், பிறகு நீங்கள் இரண்டு பேரும் சிங்களத்தில் மெதுவாகக் கதைத்தீர்கள். நீ எங்களிடம் வந்து தலைக்கவசத்தைக் கழற்றினாய்.

"இண்டைக்கு இறங்கேலாது, சின்னம்மா. மேலை தோட்டப்பக்கம் நல்ல மழையாம்."

சின்னம்மா அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு முகில் இல்லை.

"எங்கையடா மழை? அக்கா, உவன் எங்களைப் பேய்க்காட்டுறானோ? பிள்ளை எவ்வளவு ஆசையோடை வந்தவள்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, "மனேச்சர் எண்டு சொன்னனீ, மனேச்சருக்குத் தண்ணியெண்டாப் பயம்போலை" என்றாள்.

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான். ஆனால் கடைக்காரர், ருவன், சித்தப்பா, இன்னும் யாரோ வெள்ளைக்காரர் எல்லோரும் நிற்க, எனக்கு முகம் சுட்டது. நான் உன்னைப் பார்த்துச் சொன்னேன்: "வானம் வெளிச்சுக் கிடக்கு. ஆக்களுக்கு முன்னாலை என்னை வெக்கப்படுத்தாதை, தம்பி."

ஆற்றின் நீரேந்து பரப்பை வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறியவள் நான். மேலே பெய்யும் மழை ஓடைகளில் சேர்ந்து சேர்ந்து, வெயில் எறிக்கிற தாழ்நிலத்துக்கு வெள்ளமாக வந்து சேரும் என்று சொல்லிக்கொடுத்தவள். அதைப் பிழையாக எழுதிய பிள்ளைகளை வகுப்பு வாங்கின்மேல் ஏறி நிற்க வைத்தவள். அன்றைக்கு வாயில் வந்தது கரும்பலகைப் பாடமல்ல, குடாநாட்டுக்காரியின் பழக்கம். தலையில் பெய்தால்தான் மழை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளைப் பகிடி பண்ணியிருக்கிறேன், அது எனக்கே பொருந்தியது. நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் பேச்சுப்போட்டி நாளில் கண்டிருக்கிறேன். பிறகு தலைக்கவசத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "சரி. கீழ்ப்பகுதி மட்டும். கெதியா முடிச்சிடுவம்" என்றாய். ருவன் தலையை ஆட்டி மறுத்தான். நீ அவன் தோளைத் தட்டினாய்.

நானும் சின்னம்மாவும் ஒற்றையடிப் பாதையால் நடந்து, கடைசி அருவி விழுகிற மடுவின் கரையில் துவாய்களோடு காத்திருந்தோம். முதலில் ருவன் இறங்கி மடுவில் நின்றுகொண்டான். பிறகு ஆரணி கூச்சலும் சிரிப்புமாக வந்து சேர்ந்தாள். சின்னம்மா கைதட்டினாள். அடுத்ததாகச் சித்தப்பா கயிற்றின் நடுவில் வரும்போது நான் தண்ணீரைப் பார்த்தேன். இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. கண்ணாடி போலக் கிடந்த மடு தேநீர் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. மண் மணத்தது. என்ன வருகிறது என்று அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் உடனே விளங்கியது. "தம்பி!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ருவன் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை ஊதினான். மேலே நீ கயிற்றை இளக்கி விட்டாய். சித்தப்பா கல்லுப்போலக் கீழே வந்தார். ருவன் அருவிக்கு அடியில் நீந்திப் போய் அவரைக் கயிற்றிலிருந்து கழற்றிக் கரைக்குத் தள்ளினான். அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. அது ருவனைப் பாறையோடு அடித்தது. சித்தப்பாவும் சின்னம்மாவும் அவனை இழுத்து எடுத்தபோது அவனுடைய முழங்கால் பார்க்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

நீ மேலேயே நின்றுவிட்டாய். இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. பாறை விளிம்பில் ஓர் ஒடுங்கிய இடத்தில் உன்னைக் கட்டிக்கொண்டு நின்றாய். கீழே இருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் சிவப்புத் தலைக்கவசம் மட்டும். ருவனைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள், போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். நான் அசையவில்லை. பின்னேரம் முழுக்க அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வானத்தில் அப்போதும் வெயில் எறித்தது. அங்கே நின்றுதான் எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். "என்ரை பிள்ளையை இறக்கித் தா அப்பனே. பிழை என்னிலைதான் எண்டு எல்லாருக்கும் சொல்லுறன்." வேறு ஒன்றும் கேட்கவில்லை, வேறு ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை. தண்ணீர் வடிந்தது. நீ நடுங்கி நடுங்கி இறங்கி வந்தாய். வந்து என்னிடம், "நீங்கள் நனைஞ்சு போட்டியளே அம்மா" என்றாய்.

ஆசுபத்திரியில் உன் முதலாளி, யார் இறங்குவதென்று முடிவெடுத்தது என்று கேட்டார். நீ எழும்பி நின்று, "நான்தான், சேர்" என்றாய். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தேன். பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை, அதைவிட நல்ல நேரம் இல்லை. நான் கைப்பையின் வாரைச் சரிசெய்தேன். ருவன் குணமாகும்வரை ஆட்களைக் கூட்டிப்போக வேண்டாம் என்று அவர் உன்னை நிறுத்தினார். நீ என்னோடு ஊருக்கு வந்துவிட்டாய்.

ஊருக்கு வந்து நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். நேர்த்தி வைத்தது நினைவிருந்தது. தெய்வத்துக்குப் பயமாகவும் இருந்தது. ஆகவே நேர்த்தியை மாற்றிக் கட்டினேன். பிள்ளையாருக்குப் பெரிதாகப் பொங்கினேன், தேங்காய் அடித்தேன், மோதகம் அவித்தேன். பிள்ளையாரைப் பரீட்சை மேற்பார்வையாளர் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது, விடைத்தாளை மாற்றி வைத்தால் கவனிக்கமாட்டார் என்று. பொங்கலுக்கு வந்தவர்கள், "என்ன டீச்சர், தம்பிக்கு ஏதோ கண்டமாம்?" என்று கேட்டார்கள். எது சொல்வதாக நேர்ந்தேனோ அதைச் சொல்ல அவர்களே வாசல் திறந்துவிட்டார்கள். நான் மோதகத்தை நீட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னனான், உது ஆபத்தான விளையாட்டெண்டு. கேட்டானே? அம்மான்ரை சொல்லுக் கேளாத பிள்ளை" என்றேன். நீ கோயில் வீதியில் பொங்கிய கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்டது. நீ நிமிரவில்லை. அதற்குப் பிறகு கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது.

உன் கயிற்றையும் சொல்லவேண்டும். நீ அதை அலுமாரிக்குள் வைத்திருந்தாய். நான் எடுத்து மாமரத்துக்கும் கிணற்றடித் தூணுக்கும் இடையில் கொடிக்கயிறாகக் கட்டினேன். "நல்ல பாரம் தாங்குது, கம்பளிப் போர்வைக்கும் காணும்" என்று வந்தவர்களுக்குக் காட்டிச் சிரித்தேன். நீ ஒருநாள் அதன் கீழே நின்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாய். பிறகு சித்தப்பா கனடாவில் தன் களஞ்சியத்தில் வேலை இருப்பதாகச் சொல்ல, "சரி" என்றாய். எத்தனை வருடமாக நான் உன்னைக் கேட்டது இது! விசா வந்தது, பயண நாளும் குறித்தாகிவிட்டது. நான் மிளகாய்த்தூள் இடித்துப் பொதி செய்யத் தொடங்கினேன். அப்போதுதான் நீ கிணற்றடியில் நின்று கைபேசியில் ஆரணியோடு கதைத்தது என் காதில் விழுந்தது. "இல்லை ஆரணி, நான் இனி அந்த வேலைக்குப் போகேன். ஆக்களின்ரை உயிரை என்னை நம்பித் தரேலாது. அதுக்கு நான் தகுதியில்லை." உலக்கை என் கையில் அப்படியே நின்றது. மகன் வெளிநாடு போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, நான் உன்னை அனுப்பவில்லை, தம்பி. என் பொய்யை உன் தலையில் ஏற்றித் துரத்துகிறேன்.

அதனால் முந்தாநாள் ருவனுக்குக் கைபேசி எடுத்தேன். முதலில் அழுதேன். பிறகு, அன்றைக்கு இறங்கச் சொன்னது நான்தான், மகனில் பிழையில்லை என்றேன். அவன் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் பதில் சொன்னான்.

"அம்மா, எனக்குத் தெரியும் தானே" என்றான். "நான் பக்கத்தில நின்டது. அம்மா சொன்ன தமிழ் விளங்கல்ல. மல்லிட முகம் பாத்து விளங்கின."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவனும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறான் என்று அன்றுதான் கவனித்தேன். அவனுடைய முழங்கால் இன்னும் முழுதாக மடிவதில்லையாம். ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே நீ அவனிடம் கேட்டுக்கொண்டாயாம், அம்மாவைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று. நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று நினைத்திருந்தேன். மறைத்தது நானல்ல. காலுடைந்தவனும் வேலையிழந்தவனும் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

உன் முதலாளிக்கும் சொல்லிவிட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். உன்னை நிரந்தரமாக நிறுத்தவில்லையாம், ருவன் எழும்பி நடந்தபிறகும் வராமல் விட்டது நீதானாம். ஆனால் வழிகாட்டி என்றால் பெற்ற தாய்க்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும், அந்தப் பிழை உன்னுடையதுதான் என்றார். அவர் சொன்னது சரி, தம்பி. உன்னை முழுதாகக் கழுவி எடுக்க நான் இதை எழுதவில்லை. அந்தப் பிழை உன்னுடையது. அந்தப் பிழையைச் சின்ன வயதிலிருந்து உனக்குப் பழக்கியவள் நான். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நீ முடிவெடு. சின்னம்மாவிடமும் சொன்னேன், அவள், "நானும்தானே அக்கா பகிடி பண்ணினனான்" என்று அழுதாள். அவளுடைய பங்கை அவளே உனக்குச் சொல்லட்டும்.

இனி ஊராருக்கு. என் மகன் ஹொட்டேல் மனேச்சராக ஒருநாளும் இருந்ததில்லை. அவன் மலையிடுக்கில் ஆட்களைக் கயிற்றால் இறக்கிய வழிகாட்டி. அன்றைக்கு இறங்கக்கூடாது என்று அவன் சொன்னான். அவனை இறக்கியது நான். என் பொங்கலைச் சாப்பிட்டு என் சொல்லை நம்பியவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். பிள்ளையாரே, இதுதான் நான் வைத்த நேர்த்தி. பிந்திவிட்டேன்.

கனடாவுக்குப் போவதென்றால் போ, தம்பி. மிளகாய்த்தூள் பொதி செய்தபடி இருக்கிறது. களஞ்சிய வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தகுதியில்லாதவன் என்ற எண்ணத்தோடு விமானம் ஏறாதே, அந்த எண்ணம் நான் தந்தது. கொடியைக் கழற்றிவிட்டேன். கழற்றிச் சுருட்டி அலுமாரிக்குள் திரும்ப வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. வெயிலில் கிடந்த கயிற்றை நம்பி ஆளை இறக்கக்கூடாது என்று மாமரத்தடியில் நீ சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது. அந்தக் கயிறு இனி ஒன்றுக்கும் உதவாது, அதை நான் பழுதாக்கிவிட்டேன். நீ திரும்பிப் போவதென்றால் புதிதாகத்தான் வாங்கவேண்டும்.

எனக்கு ஒரேயொரு ஆசை இருக்கிறது. கேட்க உரிமை இல்லை, கேட்கிறேன். எப்போதாவது ஒருநாள் என்னை அந்தத் தேநீர்க் கடைக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போ. வானம் வெளித்திருக்கட்டும். தூரத்து மலையில் மழை பெய்யட்டும். கடைக்காரர், வெள்ளைக்காரர், ருவன், எல்லோரும் நிற்கட்டும். நீ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "இண்டைக்கு இறங்கேலாது" என்று சொல்லு. அவ்வளவு ஆக்களுக்கும் முன்னால், அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற மாதிரி நான் சொல்லுவேன்: "ஓம், தம்பி."

அம்மா